மேரி வர்கீஸ்

மேரி வர்கீஸ் (1925 - 1986) ஓர் இந்திய மருத்துவர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவர். விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்த பின்னர், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை மருத்துவராகவும், இந்தியாவில் மருத்துவ மறுவாழ்வுத் துறையின் முன்னோடிகளுள் ஒருவராகவும் விளங்கினார்.

இளமையும் விபத்தும்

இவர் கேரளத்தின் கொச்சிக்கு அருகிலுள்ள செறாய் என்னும் ஊரில் பிறந்தார். வேலூரில் மருத்துவம் பயின்று, மகப்பேறு மற்றும் பெண்கள் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெறத் தொடங்கினார். 1954 சனவரியில் சக மருத்துவர்களுடன் சிற்றுலா சென்றபோது அவர்கள் சென்ற வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பலத்த காயம் ஏற்பட்டது. முதுகுத் தண்டு சிதைந்ததால் இடுப்புக்குக் கீழ் உணர்வும் இயக்கமும் நின்றுபோயின. அப்போது அவருக்கு வயது 28.

மீண்டும் அறுவை அரங்கில்

தண்டுவடக் காயத்தில் முறிவை விடப் பின்விளைவுகளே அதிக உயிர்களைப் பறித்த காலம் அது. உணர்வற்ற தோலில் படுக்கைப் புண் எளிதில் உண்டாகும். சிறுநீர்த் தொற்றும் அடிக்கடி வரும். இவற்றைத் தடுக்க, குறித்த நேரத்திற்கு ஒருமுறை உடலைத் திருப்பிப் படுக்க வைப்பது போன்ற ஓயாத கவனிப்பு வேண்டும். பணிவிடை செய்தே பழகிய மருத்துவர், பிறர் பணிவிடையை ஏற்கப் பழக வேண்டியதாயிற்று. தான் பணிபுரிந்த மருத்துவமனையே இப்போது அவருக்கு வீடாகவும் ஆயிற்று.

வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை மூலம் சீராக்கி வந்த பால் பிராண்ட் (இவர் கொல்லிமலையில் பிறந்தவர்) மேரிக்கு ஒரு வழி காட்டினார். கை அறுவைக்கு மருத்துவர் நிற்க வேண்டியதில்லை, அமர்ந்தே செய்யலாம். மேரி அதைக் கற்றுத் தேர்ந்தார். நோயால் ஒதுக்கப்பட்டிருந்தவர்களுக்கு, நாற்காலியில் வந்து சிகிச்சை அளிக்கும் மருத்துவர் வேறு வகையிலும் நம்பிக்கை அளித்திருக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பயிற்சியும் வேலூர்ப் பணியும்

பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தன் உடலுக்கான மறுவாழ்வுப் பயிற்சியைப் பெற்றார். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, தானே உடுத்துவது முதலியன அங்கே கற்பிக்கப்படும் பாடங்கள். அதன் பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில், இம்முறை நோயாளியாக அல்லாமல் மருத்துவராக, மறுவாழ்வு மருத்துவம் பயின்றார்.

1960களின் தொடக்கத்தில் வேலூர் திரும்பி, உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் தலைவரானார். ஆனால் நியூயார்க்கில் கற்றதை அப்படியே இங்கே நடைமுறைப்படுத்த இயலாது. உயர்ந்த வாசற்படி, குந்தி அமரும் கழிப்பிடம், தரையில் அமர்ந்து சமைத்து உண்ணும் வழக்கம், மண் தெரு ஆகியவற்றுக்கு நடுவே நோயாளி வீடு திரும்ப வேண்டும். எனவே உடற்பயிற்சியுடன் தொழிற்பயிற்சியும் குடும்பத்தினருக்கான பயிற்சியும் இத்துறையில் இன்றியமையாதவை. 1966இல் வேலூர் பாகாயத்தில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இத்தகைய நிலையங்களுள் இதுவே முதலாவதாகக் கருதப்படுகிறது.

சிறப்புகள்

1972இல் இந்திய அரசு இவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. இவரது வாழ்க்கை வரலாற்றை டோரதி கிளார்க் வில்சன் 1963இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். மேரி வர்கீஸ் 1986 டிசம்பரில் காலமானார். பாகாயம் மறுவாழ்வு நிலையம் தற்போது இவர் பெயரைத் தாங்கியுள்ளது.