மூன்றாவது பெயர் இல்லாத தளபதி

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம்ம சங்கச் செயலாளர் கேட்டபோது கவிதை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கவிதை ஏற்கெனவே கட்டுக்கட்டாக வந்துவிட்டதாம்! அதனால் நூலகத்தில் படித்த ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். பரீட்சைக்கு வராது, தைரியமாகப் படிக்கலாம்.

ரோமானியப் படை என்றதும் சினிமாவில் பார்த்த சிவப்பு மேலங்கியும் பளபளக்கும் தலைக்கவசமும்தான் நமக்கு ஞாபகம் வரும். அந்தப் படை ஏன் ஜெயித்தது என்று கேட்டால் வீரம் என்று சொல்லிவிடுவோம். வீரம் அவர்களை எதிர்த்தவர்களிடமும் இருந்தது, சில சமயம் அதிகமாகவே இருந்தது. அப்புறம் எதில்தான் வித்தியாசம்? கையஸ் மாரியஸ் என்பவரின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் எனக்கு அது கொஞ்சம் புரிந்தது.

அவர் பிறந்தது சுமார் கி.மு. 157-ல், ரோம் நகருக்குத் தென்கிழக்கே அர்ப்பினம் என்ற ஊரின் பக்கத்தில். ரோமானியப் பெரிய குடும்பத்துக்காரர்களுக்கு மூன்று பெயர் இருக்கும். இவருக்கு இரண்டுதான். பெரிய வீடுகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. உயர்ந்த பதவி வகித்து இறந்துபோன முன்னோர்களின் முகத்தை மெழுகில் வடித்து முன்கூடத்தில் வைத்திருப்பார்கள். வீட்டில் சாவு நடந்தால் அந்த முகங்கள் ஊர்வலத்தில் வரும். மாரியஸ் வீட்டில் அப்படி ஒரு முகம்கூடக் கிடையாது. நாம் சேரும்போது நிரப்பிய படிவத்தில் தந்தையின் கல்வித் தகுதி என்று ஒரு கட்டம் இருந்ததே, அதில் நான் ஒரு கோடு போட்டேன். அந்த இடத்தைப் படித்தபோது அந்தக் கோடுதான் ஞாபகம் வந்தது.

அவருடைய பெற்றோர் உடலுழைப்பில் பிழைத்த ஏழைகள் என்று புளூட்டார்க் என்ற பழைய ஆசிரியர் எழுதியிருக்கிறார். ஊரளவில் வசதியான குடும்பமாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் ரோமில் அவர் வெளியூர்க்காரர், முதல் தலைமுறைக்காரர். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஸ்பெயினில் நுமான்ஷியா முற்றுகையில் (கி.மு. 134-133) சிப்பியோ எமிலியானஸ் தளபதியாக இருந்தபோது இவர் இளம் வீரர். சிப்பியோ வந்ததும் முதல் வேலையாக, பாசறையில் இருந்த வியாபாரிகளையும் சொகுசுச் சாமான்களையும் விரட்டிவிட்டுப் படையை நடக்கவும் தோண்டவும் விட்டார். மாரியஸ் அதைக் கவனித்திருக்க வேண்டும், பின்னால் அவரும் அதையேதான் செய்தார். பிறகு படிப்படியாகச் சில பதவிகள், நடுவில் தோல்விகள். ஜூலியா என்ற பெண்ணை மணந்தார். பழைய குலம். பின்னால் உலகப் புகழ் பெற்ற ஜூலியஸ் சீசருக்கு இந்த ஜூலியா அத்தை.

கி.மு. 109-ல் வட ஆப்பிரிக்காவில் நுமிடியா அரசன் ஜுகுர்தாவோடு போர். தளபதி மெட்டல்லஸ், மிகப் பெரிய குடும்பம். மாரியஸ் அவருக்குக் கீழே. கான்சல் தேர்தலில் நிற்க ஊருக்குப் போகணும், விடுப்பு வேண்டும் என்று மாரியஸ் கேட்டார். கான்சல்தான் ரோமின் உச்சப் பதவி, வருடத்துக்கு இரண்டு பேர். மெட்டல்லஸ் கேலியாக, என் மகனோடு சேர்ந்து நிற்கலாமே, என்ன அவசரம் என்ற மாதிரி பதில் சொன்னாராம். அந்த மகனுக்கு வயது 20 இருக்கும். கான்சல் ஆக 40-க்கு மேல் ஆகணும். கணக்குப் போட்டுப் பாருங்க! கடைசியில் தேர்தலுக்கு 12 நாள் இருக்கும்போதுதான் விடுப்பு கிடைத்தது என்கிறார் புளூட்டார்க். ஓடிப் போய் நின்றார், ஜெயித்தார். கி.மு. 107-க்கு கான்சல். அதோடு மெட்டல்லஸின் போரையும் மக்கள் இவரிடமே ஒப்படைத்தார்கள்.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தார். அதுவரை சொத்து இருப்பவன்தான் படையில் சேரலாம் என்பது ரோமானிய முறை. சொத்து வரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தாலும் ஒன்றுமே இல்லாதவன் உள்ளே வர முடியாது. மாரியஸ் விருப்பப்பட்டு வந்த ஏழைகளையும் சேர்த்துக்கொண்டார். நிலம் உள்ளவனுக்கு அறுவடைக்கு வீடு திரும்பும் அவசரம் இருக்கும். இவனுக்குத் திரும்பிப் போக என்ன இருக்கிறது? படைதான் வீடு, படைதான் தொழில்.

ரோமானியப் படையை இவர் ஒருவரே தலைகீழாக மாற்றியமைத்தார் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். அது 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய கதை என்றும், பல மாற்றங்கள் அவருக்கு முன்பே ஆரம்பித்துவிட்டன, சில அவருக்குப் பிறகும் நடந்தன என்றும் இப்போது சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் நம்பும்படி இருக்கிறது. எந்த மிஷினும் ஒரே ஆள் ஒரே நாளில் செய்ததில்லையே.

ஜுகுர்தா கி.மு. 105-ல் பிடிபட்டான். பேச்சுவார்த்தை நடத்திப் பிடித்துக் கொண்டுவந்தவர் மாரியஸுக்குக் கீழே இருந்த சுல்லா என்ற இளைஞர். இந்தப் பெயரை ஞாபகம் வையுங்கள், பிறகு வரும்.

அதே வருடம் அக்டோபர் 6-ல், இன்றைய பிரான்சில் அராஸியோ என்ற இடத்தில் ரோமுக்குப் பேரிடி. வடக்கிலிருந்து கிம்பிரி, டியூட்டன் என்ற கூட்டத்தார் பெண்டு பிள்ளைகளோடு, வண்டிகளோடு இடம் தேடி வந்தார்கள். எதிர்க்கப் போன ரோமானியத் தளபதிகள் இரண்டு பேர். ஒருவர் பழைய குடும்பத்து கெப்பியோ, இன்னொருவர் புது ஆளான மல்லியஸ். பதவியில் மல்லியஸ்தான் பெரியவர். அவரோடு சேர்ந்து நின்று போரிட கெப்பியோவுக்கு மனசு வரவில்லை. தனித்தனியாக நின்றார்கள், தனித்தனியாக அழிந்தார்கள். 80,000 வீரர்கள் செத்தார்கள் என்கிறது பழைய கணக்கு. எண்ணிக்கை கூடக் குறைய இருக்கலாம். இவ்வளவு பேரைக் கொன்றது குலப் பெருமை என்று எழுதினால் தப்பா?

ரோம் நடுங்கிப் போய் ஊரில் இல்லாத மாரியஸையே மறுபடி கான்சல் ஆக்கியது. கி.மு. 104 முதல் 100 வரை தொடர்ந்து ஐந்து வருடம். ஒருமுறை இருந்தவர் மறுபடி வரக்கூடாது என்ற சட்டத்தையே ஓரம்கட்டிவிட்டார்கள்.

நல்ல வேளையாக எதிரிகள் உடனே இத்தாலிக்கு வராமல் ஸ்பெயின் பக்கம் போய்விட்டார்கள். அந்த இடைவெளிதான் மாரியஸுக்குக் கிடைத்த வரம். வீரன் தன் சாமானைத் தானே சுமக்க வேண்டும். முனையில் கவை உள்ள கம்பைத் தோளில் வைத்து அதில் மூட்டையைக் கட்டி நடக்கணும். இதைப் பார்த்த மற்றவர்கள் மாரியஸின் கோவேறு கழுதைகள் என்று பெயரே வைத்துவிட்டார்கள். சுமை வண்டி குறைந்தால் படையின் வால் குறையும், வேகம் கூடும். சும்மா இருந்த நாட்களில் ரோன் நதி முகத்துவாரத்தில் மண் அடைத்துக் கப்பல் வர முடியாததால் கடலுக்கு ஒரு கால்வாயே வெட்ட வைத்தார். உணவுக் கப்பலும் வந்தது, வீரர்களுக்குப் பயிற்சியும் ஆனது.

ரோமானியர்கள் பகல் முழுக்க நடந்தாலும் இரவு தங்கும் இடத்தில் அகழி தோண்டி, மண் மேடு எழுப்பிவிட்டுத்தான் தூங்குவார்கள். தெருக்கள், கூடாரங்கள் எல்லாம் தினமும் ஒரே அமைப்பில். இருட்டில் எழுப்பினாலும் ஒவ்வொருவனுக்கும் தன் இடம் தெரியும். நம்ம பணிமனையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் பலகையில் ஒரு இடம் வரைந்திருப்பது மாதிரி. எடுத்த இடத்தில் வைக்காதவனுக்கு நம் இன்ஸ்ட்ரக்டர் தருவதைவிட அங்கே தண்டனை ரொம்ப ஜாஸ்தி!

இயந்திரவியல் மாணவனான எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்களின் எறி ஈட்டி. பைலம் என்று பெயர். மரப் பிடி, அதில் நீண்ட இரும்புத் தண்டு. இரண்டையும் இரண்டு இரும்பு ரிவெட்டுகள் இணைக்கும். மாரியஸ் ஒரு ரிவெட்டை எடுத்துவிட்டு மர ஆணி அடிக்கச் சொன்னார் என்கிறார் புளூட்டார்க். எதிரியின் கேடயத்தில் குத்தியதும் மர ஆணி முறியும், பிடி மடங்கித் தரையில் இழுபடும். அவன் கேடயத்தைத் தூக்கவும் முடியாது, ஈட்டியைத் திருப்பி எறியவும் முடியாது. லேத்தில் ஷியர் பின் போடுகிறோமே, உடைய வேண்டிய இடத்தில் உடையட்டும் என்று, அதே யோசனை! 2,100 வருடத்துக்கு முன்பு!

ஒழுங்கு விஷயத்தில் ஒரு சம்பவம். மாரியஸின் சொந்த மருமகன் படையில் அதிகாரி. தனக்குக் கீழே இருந்த இளம் வீரன் ஒருவனிடம் தகாத முறையில் நடக்க முயன்றான். அந்த வீரன் வாளை உருவிக் கொன்றுவிட்டான். அவனை விசாரணைக்குக் கொண்டுவந்தபோது எல்லோரும் தலை போகும் என்றுதான் நினைத்தார்கள். மாரியஸ் நடந்ததைக் கேட்டுவிட்டு அவனுக்கு வீரக் கிரீடம் சூட்டினார். அந்தப் படை அதற்கப்புறம் அவர் சொன்ன இடத்தில் நின்றதில் ஆச்சரியம் இல்லை.

கி.மு. 102-ல் டியூட்டன்கள் வந்தார்கள். மாரியஸ் உடனே சண்டைக்குப் போகவில்லை. வீரர்களை முறைபோட்டு மதில்மேல் நிறுத்தி எதிரியைப் பார்க்கச் சொன்னார். அவர்கள் உயரம், சத்தம், ஆயுதம் எல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகியதும் பயம் தெளிந்தது. கூட்டம் பாசறையைக் கடந்து போகவே ஆறு நாள் ஆனதாம். ரோமில் இருக்கும் உங்கள் மனைவிமாருக்கு ஏதாவது சேதி உண்டா என்று கிண்டல் செய்துகொண்டே போனார்கள். மாரியஸ் பல்லைக் கடித்துக்கொண்டு பின்தொடர்ந்தார். அக்வே செக்ஸ்டியே என்ற இடத்தில் மேட்டில் தன் படையை நிறுத்தி, 3,000 பேரை எதிரிக்குப் பின்னால் காட்டில் ஒளித்து வைத்தார். எதிரி மேடேறி வரும்வரை யாரும் அசையக்கூடாது என்பது உத்தரவு. யாரும் அசையவில்லை. கிட்டத்தில் வந்ததும் ஈட்டி மழை, பிறகு கேடயத்தால் தள்ளிக் குறுவாளால் குத்து. பின்னால் இருந்து அந்த 3,000 பேர். கூட்டம் சிதறியது. அடுத்த வருடம் வெர்செல்லே என்ற இடத்தில் கட்டுலஸ் என்ற தளபதியோடு சேர்ந்து கிம்பிரிகளையும் முடித்தார்.

இதோடு கதையை நிறுத்தினால் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஏழை வீரர்களுக்கு வயதான பிறகு யார் சோறு போடுவது? அரசு அதற்கு ஒரு வழி செய்யவில்லை. தளபதி பார்த்து நிலம் வாங்கிக் கொடுத்தால்தான் உண்டு. மாரியஸ் அரசியல்வாதி ஒருவரைப் பிடித்துச் சட்டம் போட்டு வாங்கிக் கொடுத்தார். அதனால் வீரனின் விசுவாசம் ஊரைவிட்டுத் தளபதி மேல் போய்விட்டது. அந்தப் படையைப் பலமாக்கியதும் இதுதான், ஆபத்தாக்கியதும் இதுதான்.

கி.மு. 88-ல் கிழக்கே மித்ரிடேட்டஸ் மன்னனோடு போருக்குத் தலைமை சுல்லாவுக்குக் கிடைத்தது. மாரியஸுக்கு வயது 70-ஐ நெருங்குகிறது. வீட்டில் இருந்திருக்கலாம். இருக்கவில்லை, சூழ்ச்சி செய்து அதைத் தனக்கு மாற்றிக்கொண்டார். சுல்லா தன் வீரர்களிடம் போய்ச் சொன்னார். கொள்ளையும் நிலமும் போய்விடுமே என்று கொதித்த அவர்கள், சுல்லாவோடு ரோம் நகருக்குள்ளேயே ஆயுதத்தோடு நுழைந்தார்கள். அதிகாரிகளில் ஒருவர் தவிர மற்றவர்கள் வெட்கப்பட்டு விலகினார்கள். சாதாரண வீரர்கள் விலகவில்லை. மாரியஸ் திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் அவர்கள் வந்தார்கள்.

கிழவர் ஓடினார். சதுப்பு நிலத்துச் சேற்றில் ஒளிந்தார், பிடிபட்டார். கொல்ல அனுப்பப்பட்டவன் இருட்டறையில் அவர் கண்ணைப் பார்த்ததும் வாளைப் போட்டுவிட்டு ஓடியதாகச் சொல்கிறார்கள். ஆப்பிரிக்காவுக்குத் தப்பி, அடுத்த வருடம் ஆள் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தார். அந்த நாட்களில் ரோமில் அவர் செய்வித்த கொலைகளைப் படிக்கும்போது எனக்குப் புத்தகத்தை மூடிவிடலாமா என்று இருந்தது. வெர்செல்லேயில் தோளோடு தோள் நின்ற கட்டுலஸ், தப்ப வழியில்லாமல் அறையை அடைத்துக் கரிப்புகையில் உயிரை விட்டார். கி.மு. 86 ஜனவரியில் மாரியஸ் ஏழாவது முறை கான்சல் ஆனார். அந்த மாதம் முடிவதற்குள் நோயில் இறந்தார்.

பின்னர் வெற்றியோடு திரும்பிய சுல்லா, மாரியஸின் மிச்சத்தைத் தோண்டி எடுத்து ஆற்றில் வீசச் செய்தார். அவர் உருவத்தை வெளியே காட்டவே யாருக்கும் துணிச்சல் இல்லை. கி.மு. 69-ல் ஜூலியா இறந்தார். சவ ஊர்வலத்தை நடத்தியவர் மருமகன் சீசர், வயது 30-ஐத் தொட்டிருந்தார். அந்த ஊர்வலத்தில், முன்னோர் முகம் ஒன்றுகூட இல்லாத வீட்டிலிருந்து வந்த மாரியஸின் முகத்தை எல்லோர் முன்னாலும் தூக்கிக்கொண்டு போனார்கள். சிலர் கூச்சல் போட்டார்கள். கூட்டம் கைதட்டி அந்தக் கூச்சலை அமுக்கிவிட்டது.