ராணுவம் வேண்டாமென்ற கண்கள்

‘கண்ணிருந்தும் குருடர்’ என்று நாம் வசையாகச் சொல்வதுண்டு. முதல் உலகப் போரின்போது பிரான்ஸ் நாட்டு ஆஸ்பத்திரிகளில் மெய்யாகவே அத்தகையோர் படுத்திருந்தனர். பின்மண்டையில் குண்டு பாய்ந்தும் உயிர் தப்பிய சிப்பாய்கள். கண்ணில் ஒரு கீறல்கூட இல்லை. விளக்கைக் காட்டினால் கண்பாவை ஒழுங்காகச் சுருங்கிற்று. ஆயினும் எதிரே நிற்பவரின் உருவத்தில் பாதி தெரியவில்லை. இவர்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு அளந்தவர்களுள் தலையாயவர் கார்டன் ஹோம்ஸ்.

அயர்லாந்தில் 1876-ல் பிறந்தவர். டப்ளினில் மருத்துவம் பயின்று, ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரில் மூளையின் அமைப்பைக் கற்று, லண்டன் குவீன் ஸ்குவேர் நரம்பு மருத்துவமனையில் பணியில் அமர்ந்தார். போர் மூண்டதும் ராணுவத்தில் சேரப் போனார். கிட்டப்பார்வை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்! (மூக்குக் கண்ணாடி அணிந்த நண்பர்கள் கவனிக்க.) அவர் விடவில்லை, செஞ்சிலுவைச் சங்க மருத்துவமனை வழியாகப் போர்முனைக்கு அருகே போய்ச் சேர்ந்தார். பிறகு அதே ராணுவம் அவரை நரம்பு மருத்துவ ஆலோசகராக ஏற்றுக்கொண்டது.

காயம்பட்ட ஒவ்வொருவருக்கும் எந்தத் திசையில் பார்வை இல்லையென்று வரைந்து, குண்டு துளைத்த இடத்தோடு ஒப்பிட்டார். மூளையின் இடப்பாதி கெட்டால் இரு கண்களுக்குமே வலப்பக்கம் மறைகிறது. பார்வைக்குரிய மூளைப் பள்ளத்தின் மேற்கரை கெட்டால் கீழே உள்ளவை மறைகின்றன. பின்கோடியில் அடிபட்டால் நேர்ப்பார்வையே போய்விடுகிறது. நோயாளியோ, வலக்கண் போயிற்று என்றுதான் முறையிடுவார். கண்களை ஒவ்வொன்றாக மூடிச் சோதித்தால் உண்மை வெளிப்படும்: பழுது கண்ணில் என்றால் குறை அந்தக் கண்ணோடு நிற்கும், மூளையில் என்றால் இரு கண்களிலும் ஒரே பக்கம் இருள் இருக்கும்.

ருஷ்ய-ஜப்பானியப் போரில் காயமுற்றோரைச் சோதித்து, ஜப்பானிய டாக்டர் இனோவே 1909-லேயே இத்தகைய படத்தை வெளியிட்டிருந்தார். அவர் பெயரை விட்டுவிட்டு ஹோம்ஸை மட்டும் புகழ்வது நியாயமன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பார்வையற்ற பக்கத்திலும் சிலர் அசைவை மட்டும் உணர்கிறார்கள் என்று ரிடாக் என்ற இளம் மருத்துவர் 1917-ல் எழுதினார். மறு ஆண்டே ஹோம்ஸ் அதை மறுத்தார். அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பினால் ரிடாக்கின் கருத்து நெடுநாள் ஒதுங்கிக் கிடந்தது. ரிடாக் கண்டது மெய்யே என்று பிற்கால ஆய்வுகள் காட்டின.

ஹோம்ஸ் 1951-ல் ‘சர்’ பட்டம் பெற்று, 1965-ல் காலமானார். 1991-ல் ஹார்ட்டன், ஹாய்ட் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் காந்தப் புலப் படங்களைக் கொண்டு அவர் வரைபடத்தைத் திருத்தினார்கள். நேர்ப்பார்வைக்கு மூளையில் அவர் ஒதுக்கியதைவிட மிகுதியான இடம் இருந்தது.