நந்தனார் பெயரால் பள்ளி கண்ட சுவாமி சகஜானந்தர்

உறையூரில் தோன்றிய திருப்பாணாழ்வார் காவிரியின் தென்கரையில் நின்றே அரங்கனைப் பாடினார் என்பதும், உலோகசாரங்க முனிவர் அவரைத் தோளில் சுமந்து திருவரங்கக் கோயிலுள் சென்றார் என்பதும் நம் திருச்சி, திருவரங்கம் மக்கள் வழிவழியாகக் கேட்டுவரும் வரலாறு. தில்லை சென்ற நந்தனாரோ தீயில் மூழ்கி எழுந்த பின்னரே கோயிலுள் புகுந்தார் என்று பெரியபுராணம் கூறும். தம் கால்களால் நடந்து உட்செல்லும் உரிமை இவ்விருவர்க்கும் இல்லாதிருந்தது. அவ்வுரிமையைப் பெறக் கல்வியே வழி எனத் தெளிந்து, நந்தனார் பெயராலேயே பள்ளி நிறுவிய பெருமகனார் சுவாமி சகஜானந்தர்.

அடிகளார் 1890ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 27ஆம் நாள், ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் அண்ணாமலை, அலமேலு இணையருக்கு மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. திண்டிவனம் மிஷன் பள்ளியில் பயின்றார். குடும்பம் பிழைப்பு நாடிக் கோலார் தங்கவயலுக்குச் சென்றது. இளமையிலேயே துறவில் நாட்டங்கொண்ட அவர், சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளை அடுத்துச் சமய நூல்களைக் கற்று, சகஜானந்தர் என்னும் பெயரும் பெற்றார். 1910இல் சிதம்பரம் வந்தடைந்தார்.

துறவி மடம் அமைப்பது வழக்கம். அடிகளார் மடத்தோடு நில்லாது, 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவிப் பள்ளியும் தொடங்கினார். தொடக்கத்தில் மாணவர் 25 பேரே. சேரிப் பிள்ளைகள் பண்ணையில் மாடு மேய்த்த காலம் அது. பள்ளிக் கதவைத் திறந்துவைத்தால் மட்டும் அவர்கள் வந்துவிடமாட்டார்கள். உண்ண உணவும் உறங்க இடமும் வேண்டும். இதனை உணர்ந்தே அவர் மாணவர் விடுதியையும் நடத்தினார். பள்ளி வளர்ந்து உயர்நிலைப் பள்ளியாயிற்று.

1926இல் சென்னைச் சட்டமன்றக் கவுன்சிலில் உறுப்பினரானார். பின்னர்ச் சட்டப்பேரவையிலும் நெடுங்காலம் பணியாற்றினார். ஒடுக்கப்பட்டோரின் கல்வி, நிலம், கோயில் நுழைவு ஆகியவற்றிற்காக அங்கே வாதாடினார். சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் 1947இல் வந்தது. அதற்கு 31 ஆண்டுகளுக்கு முன்னரே அவர்தம் பள்ளி திறந்துவிட்டது என்பதை நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும். 1959ஆம் ஆண்டு மே முதல் நாள் அடிகளார் மறைந்தார். அவர் விதைத்த கல்விப் பணி சிதம்பரத்தில் நந்தனார் பெயர் தாங்கிய ஆண்கள், பெண்கள் பள்ளிகளாக இன்றும் விளங்குகின்றது.

இளைஞர்களே! நம் கழகம் வெள்ளி விழாக் காணும் இந்நாளில் ஒன்றைச் சிந்திப்போம். அடிகளாருக்குச் சொந்தமாகப் பிள்ளைகள் இல்லை. ஊரார் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகக் கொண்டார். நம்முள் படித்துப் பணியில் அமர்ந்தோர் பலர் உளர். அவர்கள் தத்தம் தெருவில் பத்தாம் வகுப்போடு நின்றுவிடும் ஒரு பிள்ளைக்கேனும் கட்டணமும் விடுதிச் செலவும் ஏற்பாராயின், அதுவே அடிகளாருக்கு நாம் செலுத்தும் உண்மையான வணக்கமாகும்.