தேவாலயத்தில் தமிழ் மெட்டுக்காக வாதாடிய வேதநாயகம் சாஸ்திரியார்

ஞாயிறு காலை கிள்ளானிலோ ஈப்போவிலோ ஒரு தமிழ்த் தேவாலயத்தின் வாசலில் நின்றால் இரண்டு வகைப் பாட்டு காதில் விழும். ஒன்று பாமாலை. சொல் தமிழ், மெட்டு ஐரோப்பாவுடையது. மற்றது கீர்த்தனை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நம் ராக தாளத்தில் வருவது. கீர்த்தனைக்கு ஆலயத்தில் இடம் வாங்கித் தந்தவர்களில் முதன்மையானவர் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார். (முதல் தமிழ் நாவலை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு ஒருவர். இவருக்கு அரை நூற்றாண்டு பிந்தியவர்.)

1774 செப்டம்பர் 7ஆம் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். தந்தை தேவசகாயம் உபதேசியார். பையனின் கூர்மையைக் கவனித்த ஜெர்மன் பாதிரியார் சுவார்ட்ஸ் ஐயர், பன்னிரண்டு வயது வாக்கில் அவரைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். அதே சுவார்ட்ஸின் பாதுகாப்பில் இருந்த இன்னொரு பிள்ளைதான் பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜி. அந்த நட்பு கடைசி வரை நிலைத்தது. ஏறக்குறைய இருபது வயதிலேயே தஞ்சை மிஷன் பள்ளியின் தலைமை வேதநாயகத்திடம் வந்தது. அவர் பிறப்பால் வேளாளர். சாஸ்திரி என்பது பட்டமே தவிர சாதிப் பெயர் அல்ல.

லுத்தரன் மிஷனரிகள் தரங்கம்பாடியில் இறங்கியது 1706ல். அதிலிருந்து சபைகளில் ஒலித்தவை பெரும்பாலும் ஜெர்மன் ஞானப்பாட்டுகளின் மொழிபெயர்ப்புகளே. மெட்டுக்கு ஏற்ப நெடிலைக் குறுக்கி, குறிலை நீட்டிப் பாட வேண்டியிருந்தது. மனப்பாடம் ஆகும், ஆனால் வயல் வேலையின்போது வாயில் தானாக வராது. சாஸ்திரியார் மக்கள் ஏற்கெனவே அறிந்திருந்த வடிவங்களை எடுத்துக்கொண்டார். கும்மி, நொண்டி நாடகம், உலா, குறவஞ்சி என எதையும் ஒதுக்கவில்லை.

அவற்றுள் பெத்லகேம் குறவஞ்சி தனித்து நிற்கிறது. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் உலா வரும் ஈசன் மீது வசந்தவல்லி காதல் கொள்கிறாள், குறத்தி குறி சொல்கிறாள், சிங்கன் பறவை பிடிக்கிறான். இங்கே சீயோன் மகளான தேவமோகினி, பெத்லகேம் நாதர் மீது காதல் கொள்கிறாள். ஞானசிங்கி குறி சொல்கிறாள். சிங்கன் சுவிசேஷ வலையை விரித்து ஆத்துமாக்களைப் பிடிக்கிறான். மலைவளமும் நாட்டுவளமும் பாட வேண்டிய இடத்தில் கண்டங்களின் பெயர்களும், சூரியனைச் சுற்றும் கோள்களின் கணக்கும் வருகின்றன. மிஷன் பள்ளி வாத்தியார் அல்லவா, பாடத்தையும் பாட்டுக்குள் வைத்துவிட்டார்.

சபைகள் அவரை வேதசிரோன்மணி, சுவிசேடக் கவிராயர் என்று கொண்டாடின. சரபோஜியும் ஆதரித்தார். பெருவுடையார் மீது ஒரு குறவஞ்சி பாடும்படி மன்னர் கேட்டதாகவும், தம் தெய்வத்தைத் தவிர வேறு யாரையும் பாட இயலாது என்று இவர் மறுத்ததாகவும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. நட்பு முறியவில்லை.

தொல்லை வந்தது அரண்மனையிலிருந்து அல்ல, சொந்த மிஷனிலிருந்து. சுவார்ட்ஸ் 1798ல் இறந்தார். 1820களில் வந்த இளம் மிஷனரிகளுக்குத் தஞ்சை சபையின் பழக்கங்கள் பிடிக்கவில்லை. அவர்களை எதிர்த்து சாஸ்திரியார் நீண்ட மனுக்களாக எழுதினார். குறைகள் நான்கு. பெப்ரிஷியஸ் மொழிபெயர்த்த பழைய வேதாகமத்தைத் திருத்துகிறார்கள், திருமணத்திலும் பண்டிகையிலும் பூச்சூடுவதைத் தடுக்கிறார்கள், தமிழ்ப் பாட்டையும் வாத்தியங்களையும் ஆலயத்திலிருந்து நீக்குகிறார்கள். நான்காவது, எல்லாச் சாதியாரையும் ஆலயத்தில் ஒன்றாக உட்காரச் சொல்கிறார்கள்.

சாஸ்திரியாரைப் பற்றிய பல கட்டுரைகள் இந்த நான்காவதைச் சொல்லாமல் தாண்டிவிடுகின்றன. அது சரியல்ல. தஞ்சை ஆலயத்தில் வேளாளர் ஒரு பக்கமும் ஒடுக்கப்பட்டோர் ஒரு பக்கமுமாக அமர்வதே அதுவரை வழக்கம். அதை மாற்றக்கூடாது என்று அவர் வாதாடினார். தமிழ் மெட்டுக்காக எழுதிய அதே கை, அதே மனுவில் இதையும் எழுதியது. மிஷனரிகளிடமும் பிழை இருந்தது. சாதியை ஒழிக்க வந்தவர்கள் பூவையும் மேளத்தையும் அதோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். முதல் மூன்று வழக்கில் சாஸ்திரியார் பக்கம் நியாயம் இருந்தது. நான்காவதில் இல்லை.

விலை கொடுத்தார். 1820களின் முடிவில் மிஷன் பொறுப்பு கையை விட்டுப் போனது. சரபோஜி அவரை அரசவைப் புலவராக வைத்துக் காத்தார். 1832ல் மன்னரும் மறைந்தார். மகன் சிவாஜியின் காலத்தில் அந்த ஆதரவும் நின்றது. 1833ல் கல்கத்தா பிஷப் டானியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் ஏராளமானோர் ஆலயத்தை விட்டு வெளியேறினர்.

சாஸ்திரியார் பாடுவதை நிறுத்தவில்லை. மகள் ஞானதீபமும் பாட்டில் தேர்ந்தவர். 1864 ஜனவரி 24ஆம் தேதி, தொண்ணூறாம் வயதில், தஞ்சையில் காலமானார்.

பின்னர் கீர்த்தனைப் புத்தகம் கப்பலேறி மலாயாவுக்கும் வந்தது. இங்கே தோட்டங்களுக்கு வந்த தமிழ்க் கிறிஸ்தவர்களில் பலர், தஞ்சை ஆலயத்தில் அவர் தள்ளி உட்கார வைக்க விரும்பிய மக்களின் வழிவந்தவர்கள். அவருடைய பாட்டை இந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாகப் பாடி வருபவர்களில் அவர்களும் உண்டு.