ராபர்ட் கிளைவின் வாழ்வில் மழையும் வெடிமருந்தும்

முன்னுரை

பிளாசி வெற்றிக்கு மீர் ஜாபரின் சூழ்ச்சியைக் காரணமாகக் கூறுவோர் உளர். அன்று பெய்த மழையைக் காரணமாகக் கூறுவோரும் உளர். இவ்விரண்டும் தனித்தனிக் காரணங்கள் அல்ல, ஒன்று மற்றொன்றுக்கு வழிவிட்டது என்பதைக் கிளைவின் வாழ்க்கைவழி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்னையும் ஆற்காடும்

இங்கிலாந்தின் சுரோப்சயர் பகுதியில் 1725 செப்டம்பர் 29 அன்று பிறந்த கிளைவ், 1744இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தார். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபின் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டைக்குத் தப்பிச் சென்று படைப்பணியில் சேர்ந்தார். 1751 ஆகஸ்டில் ஏறத்தாழ 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்கள், மூன்று பீரங்கிகள் கொண்ட சிறுபடையுடன் ஆற்காட்டை நோக்கிச் சென்றார். வழியில் இடியுடன் பெருமழை பெய்தது. அம்மழையிலும் நில்லாது வந்த படையைப் பற்றி ஒற்றர்வழி அறிந்த கோட்டைக் காவலர், அதனைத் தீநிமித்தமாகக் கருதிக் கோட்டையை விட்டகன்றனர் என்று ராபர்ட் ஓர்மின் வரலாறு கூறுகிறது. போரின்றியே கோட்டை கைக்கு வந்ததால், மருந்து நனைந்ததா என்னும் சோதனை அங்கு எழவில்லை.

வெடிமருந்தின் இயல்பு

அக்கால வெடிமருந்து வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகியவற்றின் கலவையாகும். கரியும் தூய்மை குறைந்த வெடியுப்பும் காற்றின் ஈரத்தை ஈர்ப்பன. மருந்து நனைந்தால் வெடியுப்பு கரைந்து கலவை பிரியும். மீண்டும் உலர்த்தினாலும் பழைய வேகம் வாராது. சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில் தீப்பொறி விழும் சிறு கிண்ணத்து மருந்தே எளிதில் ஈரமாகும். ஆதலின் அப்பகுதியைத் தோலுறையால் மூடினர். திரித் துப்பாக்கியிலோ மருந்தோடு எரியும் திரியையும் காக்க வேண்டியிருந்தது. பீரங்கிக்குரிய மருந்தைக் காக்கத் தார்ப்பாய் பயன்பட்டது.

பிளாசி

1757 ஜூன் 23 அன்று கிளைவின் ஏறத்தாழ 3,000 வீரர் மாந்தோப்பில் நிலைகொண்டனர். எதிரே நவாப் சிராஜ் உத் தௌலாவின் ஏறத்தாழ 50,000 பேர் கொண்ட படை நின்றது. நண்பகலில் பெருமழை கொட்டியது. கம்பெனிப் படையினர் மருந்தைத் தார்ப்பாயால் மூடினர். நவாபின் மருந்து நனைந்து அவர்தம் பீரங்கித் தாக்குதல் தளர்ந்தது. கம்பெனியின் மருந்தும் நனைந்திருக்கும் எனக் கருதிய தளபதி மீர் மதன் குதிரைப்படையுடன் முன்னேறிக் குண்டடிபட்டு மாண்டார். நம்பிக்கைக்குரிய தளபதியை இழந்த நவாப், மீர் ஜாபரின் துணையை நாடினார். மீர் ஜாபரும் ராய் துர்லபும் படையைப் பின்வாங்கச் சொல்ல, நவாப் இணங்கினார், போர் முடிவுற்றது.

முடிவுரை

சூழ்ச்சி போருக்கு முன்பே உருவாகியிருந்தது. எனினும் மீர் மதன் உயிரோடிருந்த வரையில் அதற்கு நவாபின் செவி முழுமையாகக் கிட்டவில்லை. உலர்ந்த மருந்து மீர் மதனை வீழ்த்தியது. அவ்வீழ்ச்சி சூழ்ச்சிக்கு வாயில் திறந்தது. மறுஆண்டே பீகாரின் வெடியுப்பு வணிகத்தில் கம்பெனி தனியுரிமை பெற்றது. மருந்தைக் காத்து வென்றவர்கள் மருந்தின் மூலப்பொருளையும் தமதாக்கிக்கொண்டனர். 1774 நவம்பர் 22 அன்று இலண்டனில் மறைந்த கிளைவின் வரலாற்றை எழுதுங்கால், சூழ்ச்சியாளரின் பெயர்களோடு தார்ப்பாய் விரித்த பெயரறியா வீரரின் பணியையும் சேர்த்தெண்ணுதல் தகும்.