இரு குருதியின் மகன்

வேதியியல் பயிலும் எனக்கு வெள்ளி ஒரு தனிமம். மெக்சிகோவின் சிச்சிமெக்கர்க்கோ அது தீராத் துயரம். 1546-இல் சகாதேகாஸில் வெள்ளி கண்டு ஸ்பானியர் அவர்தம் நிலத்துள் புகுந்தனர். 1550-இல் போர் மூண்டு நாற்பதாண்டு நீண்டது.

அவ்வூரில் 1548-இல் பிறந்தவர் மிகுவேல் கால்டெரா. தந்தை ஸ்பானியர், தாயோ சிச்சிமெக்கருள் ஒரு பிரிவான குவாச்சிச்சில் இனத்தவர். படைத்தலைவராகித் தாயினத்தோடே பொருதார். வாள் தோற்றபின், உணவும் உடையும் உழுகருவியும் தந்து அமைதி காண அரசு முனைந்தது. அப்பணியை முன்னின்று நடத்தியவர் அவரே. 1592-இல் சான் லூயிஸ் போட்டோசி நகர் எழ வழிசெய்தார், 1597-இல் மறைந்தார்.

போர் ஓய்ந்தது. ஆனால், அவர் அன்னையின் மொழியைப் பேச இன்று ஒருவருமில்லை. தாயகம் விட்டு வந்து பயிலும் தோழர்களே, அமைதியிலும் ஒரு மொழி அழியும் என்பதை மறவோம்!