ரயிலில் ஏறத் தடை... ரணத்தோடு ஊர் ஊராக நடந்த சுப்பிரமணிய சிவா!

கால்ல சின்னதா ஒரு கொப்புளம் வந்தாலே ரெண்டு நாளைக்கு வாக்கிங்குக்கு லீவு விட்டுடுவோம். உடம்பெல்லாம் புண்ணோடு, பஸ், ரயில் எதுவும் இல்லாமல் தமிழ்நாட்டையே ஒருவர் சுற்றி வந்தார் என்றால் நம்ப முடிகிறதா? அவர்தான் சுப்பிரமணிய சிவா. அந்தப் பயணம் முடிந்த இடம், தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி.

1884 அக்டோபர் 4-ம் தேதி வத்தலகுண்டில் பிறந்தவர் சிவா. தூத்துக்குடியில் வ.உ.சி-யோடு கைகோத்து அவர் மேடை ஏறினால் கூட்டம் கட்டுக்கடங்காது. விடுமா வெள்ளைக்கார அரசு? 1908 மார்ச்சில் கைது. ராஜதுரோக வழக்கில் 10 ஆண்டு தண்டனை. மேல்முறையீட்டில் அது 6 ஆண்டாகக் குறைந்தது.

1912 நவம்பரில் சேலம் சிறையிலிருந்து வெளியே வந்தபோது அவருக்கு வயது 28தான். ஆனால், கூடவே தொழுநோயும் வந்திருந்தது.

இந்த நோயில் பெரிய ஆபத்தே வலி தெரியாமல் போவதுதான். நரம்பு பாதிக்கப்பட்டு கை, கால் மரத்துப்போகும். முள் குத்தினாலும் தெரியாது, கல் கிழித்தாலும் தெரியாது. அந்தக் காயத்தோடயே நடந்தால் அது ஆறாத ரணமாகிவிடும். இன்றைக்கு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தரும் கூட்டு மருந்தை 6 மாதம் முதல் ஓராண்டு வரை சாப்பிட்டால் குணமாகிவிடும். சிவா காலத்தில் அப்படி ஒரு மருந்தே கிடையாது.

நோயைவிடக் கொடுமை, அதற்கு வந்த தடை. தொழுநோயாளி என்று சொல்லி அவர் ரயிலில் போகக் கூடாது என்று அரசு தடுத்தது. வேறு யாராக இருந்தாலும் திண்ணையோடு முடங்கியிருப்பார்கள். சிவா கிளம்பிவிட்டார். முடிந்தவரை நடை, முடியாதபோது கட்டை வண்டி. புண்களைத் துணியால் மூடிக்கொண்டு, காவி உடுத்தி ஊர் ஊராகப் போய்ப் பேசினார். மரத்துப்போன காலுக்கு அந்த மண் ரோடும் பொட்டல் காடும் என்ன செய்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இதற்கு நடுவே 1913-ல் 'ஞானபாநு' பத்திரிகையை ஆரம்பித்து நடத்தினார். பாரதியார் அதில் எழுதினார். 1921-ல் மறுபடியும் சிறை. நோய் முற்றிய உடம்போடு அதையும் தாங்கினார்.

அலைந்த கால்களுக்குக் கடைசியில் ஓர் இடம் கிடைத்தது. பென்னாகரம் பக்கத்திலுள்ள பாப்பாரப்பட்டியில் நண்பர்கள் உதவியோடு நிலம் வாங்கி, பாரதாசிரமம் அமைத்தார். சாதி, மதம் பார்க்காமல் எல்லோரும் வந்து வணங்க பாரத மாதாவுக்கு அங்கே ஒரு கோயில் கட்ட வேண்டும் என்பது அவருடைய கனவு. 1923-ல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். கோயில் கட்டப் பணம் வேண்டுமே... அதற்காகவும் அலைந்தார்.

அந்தக் கோயிலை அவர் பார்க்கவில்லை. 1925 ஜூலை 23-ம் தேதி பாப்பாரப்பட்டியிலேயே உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு 40 வயதுதான். சிறையிலிருந்து வெளியே வந்த பிறகு வாழ்ந்த கிட்டத்தட்ட 13 ஆண்டுகளும் நோயோடு வாழ்ந்த ஆண்டுகள்.

இன்று பாப்பாரப்பட்டியில் அவருக்கு மணிமண்டபமும், அவர் ஆசைப்பட்ட பாரத மாதாவுக்கு நினைவாலயமும் இருக்கின்றன. ஒகேனக்கல்லுக்கு டூர் போறவங்க, தருமபுரி தாண்டியதும் வண்டியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி, ஓர் அரை மணி நேரம் அங்கே நின்றுவிட்டு வாங்க. அப்படியே, உடம்பில் உணர்ச்சியில்லாத தேமல் ஏதாவது இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். சிவாவுக்குக் கிடைக்காத மருந்து நமக்குப் பக்கத்திலேயே, இலவசமாகவே இருக்கிறது.